கிளட்ச் இல்லாத வண்டியும் படம் பார்த்த ஜனமும்

முட்டைக்கோஸ் கூடையில்தான் அது வந்து இறங்கியது.

மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரிகள் திரும்பும்போது காலிக் கூடைகளோடு வரும். அன்றைக்கு ஒரு கூடை மட்டும் காலியாக இல்லை. ஆட்கள் மூச்சுப் பிடித்து அதை இறக்கி, திரிங்காப் ஊரில் மெக்கானிக் அந்தோணியின் பட்டறைக்குள் சாக்கை விரித்து அதன் மேல் கவிழ்த்தார்கள். வாடிய கோஸ் இலைகளுக்கு நடுவே ஒரு பக்கம் பெருத்து, மறுபக்கம் சிறுத்து, பூசணிக்காய்க்குப் பின்னால் சுரைக்காயை ஒட்டவைத்த மாதிரி ஓர் உருப்படி கிடந்தது. ஒரு காரின் கியர்ப் பெட்டி. ஆனால் அதற்கு முன் நான் பார்த்திருந்த கியர்ப் பெட்டி எதுவும் அத்தனை பெரிதாக இருந்ததில்லை.

சாக்கில் சிவப்பாக ஏதோ ஊறிக்கொண்டு வந்தது.

"ஐயய்யோ, என்ன அந்தோணி, ரத்தம் மாதிரி?"

அந்தோணி விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "எண்ணெய்தான் அக்கா. இதோட எண்ணெயே செவப்புத்தானாம். கருகின வாசம் இல்ல. நல்ல சாமான்தான்லா."

"சரி, இதுக்குள்ள யாரு கியர் மாத்துறது?"

"அதான் அக்கா எனக்கும் வெளங்கல. இந்த மாதிரி ஒன்னை நான் கையால தொட்டதே இல்ல."

தனக்குத் தெரியாது என்று வாயைத் திறந்து சொன்ன மெக்கானிக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாம் தெரிந்தவர்கள்தான் எங்கள் வண்டியை அதுவரை பாடாய்ப் படுத்தியிருந்தார்கள். அதனாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. சேறு ஒட்டிய செருப்போடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, என் இடது காலை இன்னொரு முக்காலியில் நீட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் அந்த உருப்படியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஈ ஓட்டச் சொன்னார்கள்

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். எழுபதுகளின் பிற்பாதியில் எங்களிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. இங்கிலாந்து வண்டி. உருண்டை விளக்கு, பின்னால் மரப்பலகைத் தொட்டி. கப்பலேறி ஊருக்குப் போன ஒரு துரை விட்டுப் போனது. லயத்துக்குப் பின்னாலும் திரிங்காப் பக்கத்திலும் செவ்வந்தி போட்டிருந்தவர்களிடம் பூ எடுத்து, அதைத் தானா ராத்தா டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஓட்டுவதும் நான்தான். பொம்பளை வண்டி ஓட்டுகிறாளே என்று ரோட்டோரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நின்றால் நிற்கட்டும் என்று ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போவேன்.

இவர், அதாவது என் வீட்டுக்காரர், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாலும் வறுத்த தேயிலை வாசம் போகாது. வண்டி ஓட்ட அவருக்குத் தெரியும். ஆனால் ஆசை கிடையாது.

ஒரு மழை நாளில் பூக்கூடையோடு சரிவில் இறங்கும்போது சேறு காலை வாரிவிட்டது. கூடையை விடாமல் பிடித்துக்கொண்டேன். முழங்கால் போய்விட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு இடது கால் நடக்க உதவியது. மெதுவாகப் படியும் ஏறும். ஆனால் எதையாவது அழுத்து என்றால் அழுத்தாது. அந்தப் பிக்கப்பின் கிளட்சோ கல்நெஞ்சம் படைத்தது. குளிரில் அதை மிதிக்க ஆம்பிளைகளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எம்ப வேண்டும். நான் மூன்று வாரம் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதுவிட்டு இறங்கினேன்.

"சரசு, சொன்னா கேளு" என்றார் இவர். "பாதி மேட்டுல கால் வரலேன்னா என்ன பண்ணுவ? பின்னாடி பள்ளத்தாக்குலா. வண்டியத் தம்பிகிட்டக் குடுத்துருவோம். அவனுக்குக் கோபிஸ் ஏத்த ஆகும்."

தம்பி என்றால் என் கொழுந்தன், மயில்வாகனம். கோலா தெர்லாவில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், போடும் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வண்டியின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

"குடுத்துட்டு நான் என்ன பண்றது? வண்டி ஓட்டினவள ஈ ஓட்டச் சொல்றீங்களா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அன்று சோறு பொங்கவில்லை. மறுநாளும் பொங்குவதாக உத்தேசமில்லை என்று தெரிந்ததும் இவர் ஒரு பேச்சுக்கு வந்தார்.

"சரி. வருசா வருசம் டவுன் கோயில் திருவிழாவுக்குக் காலைப் பூசைக்கு நீதான் பூ கொண்டு போற. இந்த வருசமும் நீயே ஓட்டி, பூசைக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சேத்துட்டா வண்டி உன்னோடது. நான் வாயத் தொறக்க மாட்டேன். முடியலேன்னா அன்னைக்கே கோயில் வாசல்ல வெச்சுத் தம்பி எடுத்துக்குவான். ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். எப்படி ஓட்டப்போகிறேன் என்று அப்போது எனக்குத் துளியும் தெரியாது. வாய்தான் எனக்கு எப்போதும் காலுக்கு முன்னால் போகும்.

துரைசாணியின் சும்மா இருந்த கால்

அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது தப்பு. அடுத்தவர் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பது தப்பே இல்லை என்பது என் கொள்கை.

புதிதாக வந்த துரையின் மனைவி ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போயிருந்தார். நான் கால் வலிக்கு மருந்து வாங்க வந்தவள், வழக்கம்போல ஜன்னல் வழியே தலையை விட்டுப் பார்த்தேன். மிதிக்கிற கட்டை இரண்டுதான் இருந்தது. பாவம், ஒன்று உடைந்து போயிருக்கிறது, இது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்ததும் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் வந்தார், ஏறினார், போய்விட்டார். கார் நகரும்போது நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கால் ஒரு ஓரமாகச் சும்மா கிடந்தது. மருந்து வாங்க மறந்து, நேரே பஸ் ஏறித் திரிங்காப்புக்குப் போனேன்.

அந்தோணி எங்கள் தோட்டத்துக்காரர்தான். அவர் குடும்பம் பக்கத்து லயத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடேயே வண்டிக்கு அடியில் படுக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் புலம்புவார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஒடஞ்சு போவல அக்கா. அதுக்குப் பேரு ஆட்டோமேட்டிக். அதுல கிளட்ச்சே கெடையாது. கியரு தன்னால மாறும்."

"அத என் வண்டியில மாட்டு."

"அக்கா! அது அந்தக் காருக்குன்னு செஞ்சது."

"வண்டியெல்லாம் மனுஷன் செஞ்சதுதானே? ஒருத்தன் செஞ்சத இன்னொருத்தன் மாத்திச் செய்ய முடியாதா?"

அவர் அன்றைக்குத் தலையைச் சொறிந்ததோடு சரி. ஆனால் அந்தப் புழு அவர் மூளைக்குள்ளும் நுழைந்துவிட்டது. மறு வாரமே ஈப்போவில் பழைய இரும்புக் கடையில் ஒரு காரைக் கண்டுபிடித்துவிட்டார். பின்பக்கம் அடிபட்ட கார். அதன் என்ஜினும் எங்கள் பிக்கப்பின் என்ஜினும் ஒரே கம்பெனி, அக்கா தங்கச்சி மாதிரி. மரையாணி ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சரியாக வரும் என்று அட்டையில் வெட்டி அளந்து பார்த்துவிட்டு வந்தார். அப்படித்தான் அந்தக் கூடை மலையேறியது.

கொழுந்து மாடிக் காற்றாடி

யார் கியர் மாற்றுவது என்ற கேள்வி எங்கள் இருவரையும் தூங்கவிடவில்லை. அந்தோணி பெட்டியின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கறையான் புற்று மாதிரி வளைவு வளைவாக வழிகள். எண்ணெய் அதற்குள் ஓடி, வேகத்துக்குத் தகுந்த மாதிரி கியரைத் தள்ளிவிடுகிறது என்பது வரை அவர் பிடித்துவிட்டார். பெருத்த முன்பகுதிதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, இங்க பாருங்க. என்ஜின் பக்கம் ஒரு எறக்கை. கியர் பக்கம் ஒரு எறக்கை. ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்ல. நடுவுல எண்ணெய்தான். ஒட்டாம எப்படி இழுக்கும்?"

எனக்குச் சட்டென்று கொழுந்து மாடி ஞாபகம் வந்தது. பறித்து வந்த கொழுந்தை வாட்டுவதற்குத் தொழிற்சாலையின் மேல்மாடியில் பெரிய பெரிய காற்றாடிகள் இருக்கும். கல்யாணத்துக்கு முன் நான் அங்கே கொழுந்து பரப்பும் வேலை பார்த்தவள். ஒரு காற்றாடியைப் போட்டால், எதிரே நிறுத்தி வைத்திருக்கும் காற்றாடியும் தன்னால் மெல்லச் சுற்ற ஆரம்பிக்கும். கையால் பிடித்தால் நிற்கும். விட்டால் மறுபடி சுற்றும். வேலையை விட்டுவிட்டு நான் அதையே பிடித்துப் பிடித்து விளையாடி, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அதைச் சொன்னேன். அந்தோணி அந்த இரண்டு இறக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அதேதான்! காத்துக்குப் பதிலா எண்ணெய்! பிரேக்குல கால் வெச்சா நிக்கும், என்ஜின் பாட்டுக்கு ஓடும். அதனாலதான் கிளட்ச் வேணாம்!"

இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்தோம். வெளியே பனி இறங்கிப் பட்டறை வாசலை மறைத்திருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஒரு விஷயம் புரிகிற சுகத்துக்கு ஈடே கிடையாது.

புரிந்தது வேறு, மாட்டுவது வேறு. பெட்டி பெரிதாக இருந்ததால் வண்டியின் தரைத்தகட்டை அறுத்து, மேடாகத் தட்டித் தூக்க வேண்டியிருந்தது. பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளிப் பற்றவைத்தார். புதுப் பெட்டி நீளம் என்பதால் பின் சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டிச் சுருக்க வேண்டும். அது முட்டைக்கோஸோடு ஈப்போவுக்கு இறங்கிப் போய், காலிக் கூடைகளோடு திரும்பி வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பிடி முளைத்தது. முன்னால் போக ஓர் இடம், பின்னால் போக ஓர் இடம், இறக்கத்தில் மெதுவாகப் போக ஓர் இடம், சும்மா நிற்க ஓர் இடம். அவ்வளவுதான்.

இவர் ஒரே ஒரு தடவை பட்டறைக்கு வந்தார். தரை இல்லாமல் கிடந்த வண்டியைப் பார்த்தார்.

"நல்லா இருந்த வண்டியக் கொன்னுட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூட்டி முடித்து, அந்தோணி தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகு, பட்டறை வாசலில் நான் முதல் தடவை அந்தப் பிடியை முன்னால் தள்ளினேன். வண்டி மெதுவாக நகர்ந்தது.

"அந்தோணி! நான் ஒன்னுமே பண்ணலியே, அது பாட்டுக்குப் போவுது!"

"போவட்டும் அக்கா, நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க!"

பிரிஞ்சாங் வரை போய்த் திரும்பினேன். மேட்டில் வேகம் குறைந்தபோது உள்ளே யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டு வேறு கியருக்கு மாறினார். நான் கேட்காமலேயே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். திருவிழாவுக்கு முந்தின நாள் பூவையெல்லாம் தொட்டியில் அடுக்கி, ஈரச்சாக்கைப் போர்த்தி, வண்டியை லயத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

படம் பார்த்தவங்க தள்ளணும்

இப்போது சினிமாக் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்போது எங்கள் லயத்தில் கரண்டு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. அதற்குத் தீனி பிக்கப்பின் பேட்டரி. தமிழ்ப் படம் போடுகிற அன்று சாயங்காலமே இவர் பேட்டரியைக் கழற்றிக் குழந்தையைத் தூக்குவது போல வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு வருவார். வண்டியில் அவர் ஆசையாகக் கைவைக்கிற ஒரே நேரம் அதுதான். லயமே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மட்டும் சொந்த நாற்காலியோடு வருவார்.

படம் முடியும்போது பேட்டரி முக்கால்வாசி செத்திருக்கும். காலையில் வண்டி கிளம்பாது. அதற்காகவே நாங்கள் வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவோம். தள்ளிவிட்டால் சக்கரம் சுற்றும், கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்துவிடும். யார் தள்ளுவது? அதற்கு லயத்தில் ஒரு சட்டம் இருந்தது. படம் பார்த்தவங்க தள்ளணும். கிராணியும் தள்ள வேண்டும். அவர் ஒரு கையால்தான் தள்ளுவார், ஆனால் தள்ளுவார். காலையில் என் ஹார்ன் கேட்டதும் பல் குச்சியோடு வந்து நிற்பார்கள். மலை முழுவதும் வண்டி வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இப்படித்தான் பிழைத்தோம்.

அந்த வருடம் திருவிழாவுக்கு முந்தின நாள் படம் போட்டார்கள். இவர் வழக்கம்போல பேட்டரியைக் கழற்றினார். அந்தோணியும் மனைவியோடு படம் பார்க்க வந்திருந்தார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

காலையில் இவர் பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. சரி, வழக்கம்தானே என்று ஹார்னை அமுக்கினேன். அதுவும் செத்திருந்தது. கூப்பிட்டேன். திருவிழாவுக்குக் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிய ஜனம் வந்து பின்னால் கை வைத்தது. இவர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

"ஐலசா!"

வண்டி உருண்டது. பிடியை முன்னால் தள்ளினேன். ஒன்றும் இல்லை. இன்னும் வேகம் வந்தது. ஒன்றும் இல்லை. பிடியை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன். என்ஜின் மூச்சே விடவில்லை.

"தள்ளுங்க, தள்ளுங்க! இப்ப எடுத்துரும்!" என்று பின்னால் ஓடி வந்தவர்களில் அந்தோணியின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

இறக்கம் முழுவதும் ஓசையே இல்லாமல் இறங்கினோம். தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் நழுவிப் போயின. பிரேக்கை மிதித்து மிதித்து, தோட்டத்துச் சாலை பெரிய ரோட்டில் சேர்கிற முனையில் போய் நின்றேன். வண்டியின் மூக்கு ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் இறக்கம் இல்லை.

ஜனம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. வேட்டியெல்லாம் சேறு. அந்தோணி அங்கிருந்த சின்னப் பாலத்தின் கட்டையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அலாமாக்! அக்கா, எனக்கு இப்பத்தான் வெளங்குது. என்ஜின் சுத்தினாத்தான் எண்ணெய் ஓடும். எண்ணெய் ஓடினாத்தான் கியர் பிடிக்கும். என்ஜின் செத்துக் கெடந்தா, சக்கரம் எவ்வளவு சுத்தினாலும் அதுக்குத் தெரியவே தெரியாது. இத சிங்கப்பூர் வரைக்கும் தள்ளினாலும் எடுக்காது."

"இத ஏன்லா மேலயே சொல்லல?" என்றார் கிராணி. அவர் முழங்கை வரை சேறு.

"மேல எனக்கே தெரியாதே ஐயா!"

இவர் கீழே இறங்கி நின்றார். டவுன் இருக்கும் திசையைப் பார்த்தார். பூசை நேரம் போய்க்கொண்டிருந்தது. பூ வாடினாலும் பரவாயில்லை, என் வண்டி போய்விடுமே என்றுதான் எனக்கு இருந்தது.

ரோட்டை அடைத்தது நல்லதாகப் போயிற்று. கோலா தெர்லாவிலிருந்து வந்த சின்னக் காய்கறி லோரி ஒன்று போக வழியில்லாமல் நின்று ஹார்ன் அடித்தது. சீன டிரைவர் இறங்கி வந்தார். மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னோம். ஆட்டோமேட்டிக் வண்டியை இத்தனை பேர் மலையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பதை அவர் நம்பவில்லை. இரண்டு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்தார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து கம்பியை எடுத்து, அவர் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்குக் கரண்டு கொடுத்தார். சாவியைத் திருப்பினேன். உடனே எழுந்துவிட்டது.

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பிரிஞ்சாங் மேட்டில் ஏறினேன். இறக்கத்தில் பிடியைத் தாழ்வான இடத்துக்குத் தள்ளினேன். இவர் கதவைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாவி

கோயில் வாசலில் நிறுத்தும்போது தீபாராதனை முடிந்து ஜனம் திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பூவை வாங்கிக்கொண்டவர்கள் சாயங்காலத்து அலங்காரத்துக்கு ஆகும் என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்கள்.

கொழுந்தன் வாசலிலேயே நின்றார். வண்டி எடுக்க வந்தவர், பஸ்ஸில் வந்திருந்தார்.

"பூசை முடிஞ்சிருச்சே, அண்ணி" என்றார் மெதுவாக.

இவர் என்னைப் பார்க்கவில்லை. "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார். அவர் குரல் சரியாக இல்லை.

நான் கெஞ்சவில்லை. சாவியை எடுத்துக் கொழுந்தன் கையில் வைத்தேன். என் வண்டி. என் தரைத்தகடு, என் காற்றாடி. அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கொழுந்தன் ஏறினார். வண்டி ஓட்டுவதில் கை தேர்ந்தவர், லோரியே ஓட்டுவார். ஸ்டார்ட் செய்து பிடியை முன்னால் தள்ளினார். வண்டி தானாக நகர்ந்ததும் திடுக்கிட்டார். திடுக்கிட்ட டிரைவர் என்ன செய்வார்? இடது காலால் கிளட்சைப் பலமாக மிதிப்பார். கிளட்ச் இருந்த இடம் வரைக்கும் அந்தோணி பிரேக் கட்டையை அகலமாக்கி வைத்திருந்தார். துரைசாணியின் காரில் அப்படித்தான் இருந்ததாம்.

வண்டி அறைந்த மாதிரி நின்றது. கொழுந்தன் மூக்கு ஸ்டியரிங்கில் இடித்தது. தொட்டியிலிருந்த காலிக் கூடைகள் தாவி வந்து கூரையில் விழுந்தன.

"என்ன எழவு இது!"

மறுபடி நகர்த்தினார். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. வாசல் வளைவில் கியரைக் குறைக்க வேண்டும் என்று கால் தன்னால் போய்விட்டது. மறுபடி அறை. சாமி கும்பிட வந்த ஜனம் தேங்காய்த் தட்டோடு நின்று சிரித்தது. இவர் ஓடிப்போய், "எறங்குடா, நான் எடுக்கிறேன்" என்று ஏறினார். இவருக்கும் அதே கதிதான். கொழுந்தனைவிடக் கொஞ்சம் பலமாக.

"நீ எப்படிலா ஓட்டிப் பாத்த?" என்று பின்னாலேயே பஸ்ஸில் வந்து சேர்ந்த அந்தோணியைப் பிடித்துக் கேட்டார் இவர்.

அந்தோணி சங்கடமாக நெளிந்தார். "நான் எடது காலச் சீட்டோட கயித்தால கட்டிட்டுத்தான் ஓட்டினேன், அண்ணே."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். துரைசாணியின் காலை விட்டால், அந்த மலையிலேயே கிளட்சைத் தேடிப் போகாத ஒரே இடது கால் அதுதான்.

நாலு நாள் ஓட்டியிருந்தால் கொழுந்தனுக்குப் பழகியிருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மூக்கைத் தடவிக்கொண்டே அண்ணனைப் பார்த்தார். இவர் தொண்டையைக் கனைத்தார்.

"தம்பி, சாவிய அண்ணிகிட்டக் குடுத்துரு."

"பேச்சு?" என்றேன் நான். வாய் சும்மா இருக்காதே.

"பேச்சக் கொண்டுபோய்க் குப்பையில போடு. ஏறு புள்ள."

திருவிழாக் கூட்டத்தில் கோலா தெர்லா பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. கொழுந்தனை நானே கொண்டுபோய் விட்டேன். பக்கத்துச் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். இவர் பின்னால் கூடைகளோடு. ஒவ்வொரு மேட்டிலும், ஒவ்வொரு வளைவிலும் கொழுந்தனின் இடது கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. என் கால் அசையாமல் சும்மா இருந்தது. விழுந்த நாளிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக, அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.